மலைப்பாதையில் மீண்டும் ஒரு மாணவன்

இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு பெருந்தொழில் நகரங்களுக்கிடையே ஒரு மலைத்தொடர் அமைந்திருக்கின்றது. அதன் முகட்டைக் கடந்து அவ்விரு நகரங்களையும் இணைக்கும் சாலைக்கு ‘ஸ்நேக் பாஸ்’, அதாவது பாம்புக் கணவாய் என்று பெயர். வளைந்து நெளிந்து செல்வதால் வந்த பெயர் என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. சாலையோரத்து விடுதி ஒன்றின் பெயரே சாலைக்கும் ஆயிற்று. அவ்விடுதியோ, கேவண்டிஷ் என்னும் பிரபுக் குடும்பத்தின் சின்னத்திலுள்ள பாம்பைத் தன் பெயராகக் கொண்டது. பெயரைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் பிழைபட்டது போலவே, என்னைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் ஒன்றும் அச்சாலையிலேயே பிழைபட்டது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆயரின் விருப்பப்படி 2021ஆம் ஆண்டு, மான்செஸ்டருக்குக் கிழக்கே மலையடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூர்ப் பங்கில் பணிபுரியச் சென்றேன். பங்குமக்களின் வீடுகள் மலையின் இருபுறமும் சிதறிக் கிடந்தமையால், காரின்றி ஒருநாளும் கழியாது. அதுபற்றி எனக்குச் சிறிதும் கவலையில்லை. குருமாணவனாயிருந்தபோதே, 1996இல், ஓட்டுநர் உரிமம் பெற்றவன் நான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பழைய ஜீப்பொன்றில் எத்தனையோ முறை, மழையிலும் இரவிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். “சாமி வண்டி எடுத்தா பயமில்லைங்க” என்று தேயிலைத் தோட்டத்து மக்கள் சொல்வதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தவனும் நானே.

அந்நாட்டுச் சட்டமோ என் பெருமையை மதிக்கவில்லை. நம் நாட்டு உரிமத்துடன் அங்கே பன்னிரண்டு மாதங்களே வண்டி ஓட்டலாம். பின்னர் அந்நாட்டுத் தேர்வை எழுதியும் ஓட்டிக் காட்டியும் புது உரிமம் பெறவேண்டும். ஐம்பதைக் கடந்த நான், காரின் முன்னும் பின்னும் ‘எல்’ என்னும் சிவப்பெழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு வீதியிற் சென்றபோது, மறைக்கல்வி மாணவர்கள் கைகொட்டிச் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஒருவாறு தேர்ச்சியும் பெற்றேன்.

“இனி எனக்குக் கற்றுத்தர எவருமில்லை” என்று ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து தேநீர் அருந்துகையில் வேடிக்கையாகச் சொன்னேன். எழுபதைத் தாண்டிய பங்குமகன் ஒருவர், ஓய்வுபெற்ற காவல்துறை ஓட்டுநர், புன்முறுவல் பூத்தார். “அப்படியானால், ஃபாதர், வியாழக்கிழமை காலை என்னோடு ஒருமுறை மலைக்கு வாருங்கள்” என்றார்.

அவர் குறிப்பிட்டது உயர்நிலை ஓட்டுநர் பயிற்சி. ஏற்கெனவே உரிமம் பெற்று ஆண்டுக்கணக்காக வண்டி ஓட்டியவர்களுக்கே உரியது அது. பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935இல்தான். ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டன் மாநகரக் காவல்துறை, தன் ஓட்டுநர்களுக்கென ஹெண்டன் என்னுமிடத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவியது. பந்தயக் கார் ஓட்டிப் புகழ்பெற்ற காட்டன்ஹம் பிரபு அப்பள்ளிக்கு ஆலோசகராக வந்து, முறையாக வண்டி ஓட்டும் நெறியொன்றை வகுத்துக் கொடுத்தார். அந்நெறி 1955இல் ‘ரோட்கிராஃப்ட்’ என்னும் நூலாகப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1956இல், ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ்’ என்னும் அமைப்புத் தோன்றியது. ஊர்தோறும் அதன் தொண்டர்கள் ஊதியமின்றி, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பிறரின் ஓட்டும் முறையைக் கவனித்துத் திருத்துகின்றனர். என் நண்பரும் அத்தொண்டர்களுள் ஒருவர்.

அந்த வியாழனன்று புறப்பட்டோம். 1821ஆம் ஆண்டு, பொறியியல் மேதை தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் அமைந்த பாதை அது; கடல்மட்டத்திற்கு மேல் 512 மீட்டர் உயரத்தில் முகட்டைக் கடக்கிறது. வால்பாறையை அறிந்தவர்க்கு இது ஓர் உயரமே அன்று. ஆயினும் அந்நிலத்தின் தோற்றம் நெஞ்சை அடக்கிவிடும். மரமொன்றும் இல்லை, கரிய சதுப்புநிலமும் பழுப்பு நிறப் புதரும் அடிவானம்வரை விரிந்துள்ளன. சுண்ணாம்போ சேறோ இன்றி, கல்லின்மேல் கல்லாக அடுக்கிய வேலிகள் சரிவுகளில் கோடிழுக்கின்றன. செம்மறியாடுகள் சாலையோரத்திற்கே வந்து நிற்கும். பனிப்பொழிவு மிகுந்தால் பாதை மூடப்படும். 2022 பிப்ரவரிப் புயல்களின்போது மலைச்சரிவு நழுவிச் சாலையே பெயர்ந்து, பல நாள் போக்குவரத்து நின்றுபோயிற்று.

என் திறமை முழுவதையும் காட்டி ஓட்டினேன். முகட்டிலே வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார் நண்பர். “உங்கள் கைகளில் குறையில்லை, ஃபாதர். குறை கண்களில் இருக்கிறது. வண்டிக்கு முன்னுள்ள இருபது அடியைத்தான் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு வளைவும் உங்களுக்கு எதிர்பாராததாகவே வந்து சேருகிறது. நீங்களும் ஒவ்வொரு முறையும் கெட்டிக்காரத்தனமாகத் தப்பிக்கிறீர்கள்” என்றார்.

இருபத்தேழாண்டு அனுபவம் என்று நான் எண்ணியிருந்தது, இருபத்தேழாண்டுகளாகத் தப்பித்த கணக்குத்தானா? முகம் சிவந்துபோயிற்று, மறுமொழி கூற நாவெழவில்லை.

அன்று தொடங்கி ஏழெட்டு வியாழக்கிழமைகள் அவரிடம் பாடம் கேட்டேன். பாடத்தின் ஆணிவேர் ஒரே விதி. எவ்வளவு தொலைவு சாலை வெறுமையாயிருப்பது உன் கண்ணுக்குத் தெரிகிறதோ, அவ்வளவு தொலைவுக்குள், உன் பக்கத்திலேயே, வண்டியை நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் செல். மற்றவையெல்லாம் இதன் கிளைகளே. வளைவிலே சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் ஒரு புள்ளி உண்டு. அப்புள்ளி நம்மை நோக்கி நெருங்குமானால் வளைவு கடுமையாகிறது, வேகத்தைக் குறைக்கவேண்டும்; அது நம்மைவிட்டு விலகி ஓடுமானால் வளைவு நிமிர்கிறது, மெல்ல வேகம் கூட்டலாம். இடையூறு எதுவாயினும் ஒரே வரிசை: முதலில் செய்தியறிதல், பின் சாலையில் தக்க இடத்தைக் கொள்ளுதல், பின் வேகம், பின் கியர், இறுதியில் ஆக்சிலரேட்டர்.

இவற்றிலெல்லாம் கடினமானது, காண்பதையும் அதனால் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுதல். “வலப்புறம் பண்ணை வாயில், சாலையில் புதுச் சேறு, டிராக்டர் வரக்கூடும், வேகத்தைக் குறைக்கிறேன்” என்று இடைவிடாது சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கி, அவசரத்தில் தமிழுக்குத் தாவிவிடுவேன். “பொருள் புரியவில்லை, ஆனால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது புரிகிறது” என்று நண்பர் சிரிப்பார்.

நிறுத்தும் தொலைவைப் பற்றி அந்நாட்டுச் சாலைவிதி நூல் தரும் கணக்கையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். அவற்றுள் முதல் 9 மீட்டர், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துமுன்னரே கடந்துபோகும். வேகம் இருமடங்கானால் வேண்டிய தொலைவு 73 மீட்டர். அப்போது இது எனக்கு வெறும் எண்ணாகவே பட்டது.

ஒருநாள் முகட்டைக் கடந்து, ஆஷப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, லேடிபவர் நீர்த்தேக்கத்தை அடைந்தோம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1945இல் திறந்துவைத்த அந்நீர்த்தேக்கத்திற்காக டெர்வெண்ட், ஆஷப்டன் என்னும் இரு சிற்றூர்கள் கைவிடப்பட்டன. அதைக் கடந்து பாம்ஃபோர்டு என்னும் ஊருக்குள் நுழைகையில், முன்னே ஒரு பேருந்து நின்றிருந்தது.

“என்ன காண்கிறீர்கள்?” என்றார் நண்பர்.

“நின்றிருக்கும் பேருந்து. எதிரே வண்டி ஏதுமில்லை. கடந்து செல்கிறேன்.”

“பேருந்தின் அடியில் பாருங்கள்.”

பார்த்தேன். பேருந்துக்கு அப்பால், முன்சக்கரத்தின் அருகே, சிவப்புக் காலணி அணிந்த இரு சிறு கால்கள் தெரிந்தன. வேகத்தை நடைவேகமாகக் குறைத்தேன். பேருந்தின் முகப்பைத் தாண்டியபோது, தாயின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி ஓரத்தில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவ்வளவுதான், எதுவும் நிகழவில்லை.

என் கைகளோ நடுங்கத் தொடங்கின. சிறிது தொலைவு சென்று வண்டியை நிறுத்திவிட்டேன். இருபதாண்டுகளுக்குமுன் நிகழ்ந்தது கண்முன் வந்து நின்றது.

2003ஆம் ஆண்டு. பொள்ளாச்சிக்கு அண்மையில், இருபுறமும் புளிய மரங்கள் நிழல்செய்யும் ஒரு சாலை. மாலையில் பள்ளி விடும் நேரம். நகரப் பேருந்தொன்று நின்றிருந்தது. நான் அதனைக் கடந்து சென்றேன். என் வேகம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. பேருந்தின் முன்புறமிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் புத்தகப் பையோடு ஓடி வந்தான். பிரேக்கை மிதித்தேன், பயனில்லை. தொடையெலும்பு முறிந்தது. நானே அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். உயிருக்கு மோசமில்லை, ஆனால் அந்தக் கால் சற்றே குட்டையாகிவிட்டது.

கூடியிருந்தோர் அனைவரும் பையன்மேல்தான் தவறு என்றனர். அவனுடைய தாய் மருத்துவமனைத் திண்ணையில் என் முன்னே கைகூப்பி, “பையன் தெரியாம குறுக்கே வந்துட்டானுங்க சாமி, மன்னிச்சுக்குங்க” என்று அழுதாள். நானும் பெருந்தன்மையோடு மன்னித்தேன். மருத்துவச் செலவை ஏற்றேன். அத்தோடு கணக்கு முடிந்தது என்றும் எண்ணினேன்.

இப்போது பாம்ஃபோர்டுச் சாலையோரத்தில் அந்த 23 மீட்டர்க் கணக்கு எனக்கு விளங்கிற்று. அன்று பேருந்தின் முகப்புக்கு அப்பால் மூன்று மீட்டரும் எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்திற்குள் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தவன் நான். ஒன்பது வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்வான். அதை எதிர்பார்த்திருக்க வேண்டியவன் நான். இத்தனை ஆண்டுகள் பிறருக்கு ஆன்ம சோதனை செய்யக் கற்றுக்கொடுத்த எனக்கு, நாள்தோறும் வண்டி ஓட்டும் முறையும் அச்சோதனைக்கு உரியதே என்று ஒருமுறையும் தோன்றவில்லையே!

நண்பரிடம் அனைத்தையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, ஃபாதர்; கேட்க வேண்டியவர் வேறொருவர்” என்றார்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் உயர்நிலைத் தேர்வில் தேர்ச்சி பெற்றேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடந்தது அது. சான்றிதழ் பெட்டியில் கிடக்கிறது. மறு ஆண்டு தாயகம் திரும்பியதும், முதல் வேலையாக அந்த ஊருக்குச் சென்றேன்.

சிறுவன் இப்போது முப்பது வயது இளைஞர், தையற்கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் தம் மகளைத் தூக்கிக்கொண்டு, ஒருகால் சாய்த்து நடந்து வந்து வரவேற்றார். நான் பேச வாயெடுக்குமுன் அவரே, “நாந்தானுங்க சாமி அன்னைக்குப் பார்க்காம ஓடி வந்துட்டேன். உங்களுக்கு எத்தனை கஷ்டம் குடுத்துட்டேன்” என்றார். இருபதாண்டுகளுக்கு மேலாக அப்பழியைத் தம்முடையதாகவே சுமந்திருக்கிறார்!

“இல்லை தம்பி, தவறு என்னுடையது. நீ குழந்தை. நிறுத்த முடியாத வேகத்தில் வந்தவன் நான். அன்று உன் தாய் என்னிடம் கேட்ட மன்னிப்பை, இன்று நான் உன்னிடம் கேட்கிறேன்” என்றேன். அவர் நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். பின்பு, “அம்மா இருந்து இதைக் கேட்டிருக்கணுமுங்க சாமி” என்று மட்டும் சொன்னார். தாய் முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். எனக்கு அதன்பின் பேச்சு வரவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் ‘குறுக்கே வந்தவர்’ என்று நாம் பழிசொல்லி முடித்தவர்கள் எத்தனை பேரோ! உயர்நிலைப் பயிற்சி அனைவருக்கும் கிட்டாதுதான். ஆனால் நிற்கும் பேருந்தின் அடியில் ஒருகணம் பார்க்க எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி விடுவதற்குச் செலவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரோ ஒரு பிள்ளை நிற்கிறது என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் அங்கே எவரும் இருக்கமாட்டார்கள். அதனால் நீங்கள் இழப்பது சில வினாடிகளே.