வெள்ளைதான், சமைங்க

நோர்வூட்டில் எங்கள் லயத்துப் பக்கம் யாருக்குக் காளான் கிடைத்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1905 முதல் பேராதனையில் பூஞ்சைகளை ஆராய்ந்து, பின்பு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரான டொம் பெட்சின் பெயரைச் சொல்வேன். அவரும் பிஸ்பியும் தொகுத்த இலங்கைப் பூஞ்சைகளின் பட்டியல் 1950இல் நூலாக வந்ததைச் சொல்வேன். அதற்குமேல் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

நஞ்சிருந்தால் பூண்டு கறுக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவந்ததைப் பொய் என்று விளக்கியவன் நான்தான். அதற்குப் பதிலாக என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். சிப்பிக் காளான் பட்ட மரத்தில் அடுக்கடுக்காக வரும். காம்பு குட்டையாக ஓரத்தில் இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் காம்பின்மேல் இறங்கி ஓடும். குடையை அறுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பான கடதாசியில் கவிழ்த்து, கோப்பையால் மூடி இரவு முழுக்க வைத்தால் வித்துத்தூள் படியும். அது வெள்ளையாகவோ லேசான ஊதாச் சாயலிலோ இருக்க வேண்டும்; மண்ணிறமென்றால் சிப்பிக் காளான் இல்லை. வெள்ளை என்றாலும் அதோடு முடிவதில்லை. ஜப்பானில் சுக்கியோதகே என்றொரு நச்சுக் காளான் இதே போல மரத்தில் முளைக்கிறது, அதன் வித்தும் வெள்ளை. அதைச் சிப்பிக் காளான் என்று தின்று வாந்தியெடுத்தவர்கள் அங்கே ஏராளம். காம்பைப் பிளந்தால் உள்ளே கருந்திட்டு தெரியும் என்பதை வைத்துப் பெரும்பாலும் பிரித்தறிகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான், ஓர் ஆனி மழையில் பக்கத்து வீட்டு அக்கா சவுக்குக் கட்டையிலிருந்து பிடுங்கிவந்து என்னிடம் கொஞ்சம் தந்துவிட்டுப் போனதைக் கடதாசியில் வைக்கவில்லை, காம்பைப் பிளக்கவுமில்லை. கண்ணால் பார்த்ததே போதும் என்று நினைத்தேன். காலையில் அக்கா வந்து, "கடதாசியில வச்சுப் பாத்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"வெள்ளைதான், சமைங்க" என்றேன்.

அன்றிரவு பிள்ளைகள் உட்பட வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. ஆஸ்பத்திரியில் காளான் மிச்சமிருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். மிச்சம் என் வீட்டில் இருந்தது. இருட்டோடு இருட்டாக அதைத் தேயிலைக்குள் வீசிவிட்டு, ஒன்றுமில்லை என்றேன். எல்லோரும் தேறி வந்தபின், "எண்ணெய் பழசா இருந்திருக்கும்" என்று நானே காரணமும் சொன்னேன். அடையாளத்தில் பிழைவிட்டது ஒரு பக்கம். அந்தக் காளானை நல்ல காளான் என்றே அவர்கள் தொடர்ந்து நம்பும்படி விட்டேன், என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக மட்டும். இதற்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் எதுவுமில்லை.

இதை எழுதுமுன் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"அடுத்த மழைக்குச் சின்னவனுக்குத் திரும்பவும் வயித்தால போச்சு மாஸ்டர். எண்ணெய்ய மட்டும்தான் மாத்தியிருந்தேன். காளான அதே கட்டையிலதான் புடுங்கினேன்."