கழிவுநீர் நிலையத்தில் ஒரு வகுப்பறை

மகள் பொறியியல் படிக்கின்றாள் என்று உறவினர் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தவன் நான். கழிவுநீர்த் துறையைத் தன் ஆய்வுக்குத் தெரிவுசெய்திருப்பதாக அவள் கூறியபோது என் முகம் வாடிவிட்டது. சொல்ல வெட்கப்படும் காரணம் ஒன்று அதற்கு இருந்தது. என் சிறுபராயத்தில் எங்கள் ஒழுங்கைக்கு மலவாளி எடுக்க வந்தவரை எவரும் பெயர்சொல்லி அழைத்ததில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் தனிப் பாத்திரம் இருந்தது. நாட்டை விட்டு வந்தபோதும் அந்த மனப்பான்மையை நான் விட்டு வரவில்லை.

மகள் வாதாடவில்லை. நாம் வாழும் இந்த மன்செஸ்டர் நகரின் கதையொன்றைச் சொன்னாள்.

இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பித்த கில்பேர்ட் பௌலர், மாநகரசபையின் கழிவுநீர் ஆலோசகராகவும் இருந்தார். 1912இல் அமெரிக்காவின் லோறன்ஸ் பரிசோதனை நிலையத்துக்குச் சென்ற அவர், காற்றூட்டிய கழிவுநீர் போத்தலுக்குள்ளேயே தெளிவதைக் கண்டு திரும்பினார். டேவிஹியூம் சுத்திகரிப்பு நிலையத்தின் இரசாயனவியலாளர்களான எட்வேர்ட் ஆர்டேர்ன், வில்லியம் லொக்கற் ஆகிய இருவரும் அச்சோதனையைத் தொடர்ந்தனர். முதற்தடவை நீர் சுத்தமாவதற்கு ஏறத்தாழ 5 வாரங்கள் சென்றன. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை எறியாமல் வைத்து, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினர். மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்ததில், 5 வார வேலை ஒரே நாளில் முடிந்தது. சேற்றில் பெருகிய நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்தன. 1914 ஏப்ரல் 3ஆம் நாள் அவர்கள் அறிவித்த இம்முறையே இன்றும் உலகின் பல நகரங்களில் கையாளப்படுகின்றது. பௌலர் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார்.

பல்கலைக்கழகமும் நகரசபையும் ஒன்றையொன்று தேடிச் சென்றதால் விளைந்த பயன் இது.

சென்ற ஆண்டு, பெற்றோரும் வரலாம் என்ற ஒரு நாளில், மகளின் வகுப்பு வழமையாகச் செல்லும் நிலையமொன்றுக்கு நானும் போனேன். காற்றுக்குமிழிகள் பொங்கும் தொட்டியின் அருகே முதிய தொழிலாளி ஒருவர் நின்றிருந்தார். சேறு நலமாக இருந்தால் மண்வாசனை வரும், வெண்ணுரை மிகுந்தால் சேறு இன்னும் முதிரவில்லை என்று அவர் விளக்கினார். விரிவுரையாளரும் மாணவர்களோடு நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பின்னர் அவரை “ஐயா” என்று அழைத்துச் சந்தேகமும் கேட்டார். எனக்கு எங்கள் ஒழுங்கையின் நினைவு வந்தது. தலை குனிந்துகொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத நதி எதுவுமில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நன்னீரே எங்கள் கிணறுகளுக்கு உயிர். மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் அமைந்த வீடுகளில், குழியின் கழிவு கல்லிடுக்குகளின் வழியே குடிநீரைச் சேர்கின்றது. 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் தொடங்கியது. அங்கு கற்பிப்போரும் எங்கள் உள்ளூராட்சிச் சபைகளின் சுகாதாரத் தொழிலாளரும் ஒரே தொட்டியின் அருகே நின்று பேசவேண்டும். அவர்களோடு ஒரு நாள் தானும் நிற்கவேண்டும் என்பது என் மகளின் விருப்பம்.

மகள் என்ன படிக்கின்றாள் என்று உறவினர் இப்போது கேட்டால், “கழிவுநீர்” என்று குரலைத் தாழ்த்தாமல் சொல்கின்றேன்.