இரு துப்பாக்கிகளும் ஒரு கடிதமும்

எது சிறந்த துப்பாக்கி என்று போரிட்டு மீண்டவர்கள் வாதிடும்போது சேற்றையும் மழையையும் தோளை அழுத்திய பாரத்தையுமே முதலிற் பேசுகிறார்கள். வியட்னாமிற் போரிட்ட அமெரிக்கப் படையினரின் நினைவுக் குறிப்புகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். தமிழாசிரியனுக்கு இது என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கணினி விளையாட்டிற் கற்ற அறிவைக்கொண்டு உயர்தர வகுப்பு மாணவனொருவன் எம்-16 துப்பாக்கியின் பெருமையை என்னிடம் விதந்துரைத்தான். ரி-56 என்ற பெயரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அவனது உற்சாகம் உறுத்திற்று. வினை அங்கேதான் தொடங்கியது.

1957இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட எம்-14, நான்கு கிலோவுக்கு மேற்பட்ட நீண்ட மரத்துப்பாக்கி. 7.62 மில்லிமீற்றர் ரவை. தொலைவிலும் குறி தவறாது. ஆனால் தொடர்ந்து சுட்டால் கைக்கு அடங்காது. அடர்ந்த காட்டில் அதன் நீளமே பகை. எம்-16 ஏறத்தாழ மூன்று கிலோதான். அதன் 5.56 மில்லிமீற்றர் ரவை பாதி எடையே உள்ளதாகையால், அதே சுமையில் இருமடங்கு ரவைகளைக் கொண்டுசெல்லலாம். 1962இல் வியட்னாமிலே நடந்த பரீட்சைகளில் இதன் முன்னோடி பெரும் பாராட்டைப் பெற்றது.

அப்படியிருக்க, பழைய படைவீரர் பலர் எம்-14ஐ ஏக்கத்தோடு நினைவுகூர்வதேன்?

1964இல் ரவையின் வெடிமருந்து மாற்றப்பட்டது. புதிய மருந்து அதிகக் கசடை விட்டது; சுடும் வேகத்தையும் கூட்டியது. ரவையறைக்குக் குரோமியப் பூச்சு இடப்படவில்லை. ஈரமான நாட்டில் அது துருப்பிடித்தது. வெற்றுக்கூடு அறைக்குள் இறுகிவிட, குழலின் வாய்வழியாகக் கோலை விட்டுக் குத்தித் தள்ளவேண்டியிருந்தது. அந்தக் கோலும் போதியளவு வழங்கப்படவில்லை! இதனைத் துப்புரவு செய்யவே தேவையில்லை என்ற பேச்சும் படையினரிடையே பரவியிருந்தது. எதிரே நின்ற விவசாயி மகனின் கையிலிருந்த கலாஷ்னிக்கோவோ குறியிற் சற்றுப் பின்தங்கியது, பாரமும் அதிகம். ஆயினும் அதன் குழலும் அறையும் குரோமியம் பூசியவை. உறுப்புகளுக்கிடையே தாராளமான இடைவெளி இருந்தது. சேற்றிற் புரண்டெழுந்தும் சுட்டது.

1967 மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. எழுதியவன் ஒரு கடற்படைத் துருப்பு வீரன். தன் பிரிவில் இறந்தவர்களுள் ஏறக்குறைய எல்லோருமே, பிரித்துப்போட்ட துப்பாக்கிகளின் அருகே கிடந்தார்கள் என்றான். சாகும் கணத்தில் அவர்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த இளைஞர்கள் அந்த மண்ணிற் சென்று போரிட்டது நீதியென்று நான் கருதவில்லை. எனினும், மருந்தை மாற்ற ஒப்புதலளித்தவர் எவரும் அக்காட்டில் நனையவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபரில், விசாரித்த நாடாளுமன்ற உபகுழு, ரவையின் குறைகளைத் திருத்தத் தவறிய தரைப்படை அதிகாரிகளின் போக்கு குற்றத்துக்குரிய அலட்சியத்தை நெருங்குவதென்று எழுதியது. பின்னர் ரவையறைக்குக் குரோமியம் பூசினார்கள். கோலும் எண்ணெயும் வழங்கினார்கள். துப்பாக்கி நன்றாகவே சுட்டது. அதைத் துடைக்கும் முறையைப் படையினருக்குக் கற்பிக்க, 1960களின் இறுதியில் வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்காரரைக்கொண்டு வர்ணப் படக்கதைப் புத்தகமொன்றும் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.