ஓமியாவில் கற்ற பாடம்

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலிருந்து வடக்கே புகைவண்டியிற் சிறிது தூரம் சென்றால் ஓமியா என்னும் ஊரை அடையலாம். வைகாசி மாதக் கடைசியில் ஒருநாள் யாம் அங்கே சென்றிருந்தோம். தட்டிலே வளர்க்கும் சிறுமரங்களாகிய பொன்சாய்க்கு உலகெங்கும் பெயர்பெற்ற ஊர் அது.

1923ஆம் ஆண்டுப் பூகம்பம் தோக்கியோவைச் சிதைத்தபின், அந்நகரத்துத் தோட்டக்காரர் சிலர் நல்ல மண்ணும் நீரும் நாடி இங்கே வந்தனர். 1925இல் அவர்களது பொன்சாய்க் குடியிருப்பு இங்கே உருவாயிற்று. குடியேறுவோர் பத்துச் சிறுமரங்களாவது வைத்திருத்தல் வேண்டும், வாயிலைப் பார்வையாளருக்குத் திறந்துவைத்தல் வேண்டும், மாடி எழுப்பலாகாது, மதிலுக்குப் பதிலாக உயிர்வேலியே அமைத்தல் வேண்டும் என்று அக்காலத்தில் விதி செய்துகொண்டனர். வேலியின் அருமை அறிந்த யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு அவ்விதி மிக இனித்தது.

ஒரு தோட்டத்திலே முதியவர் ஒருவர், மேப்பிள் மரமொன்றின் இலைகளைச் சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். காம்பை மட்டும் விட்டுவைத்தார். காம்பு தானே உலர்ந்து விழும்; அதன் அடியிலுள்ள மொட்டிலிருந்து முன்னதிலும் சிறிய இலை துளிர்க்கும். பனிக்காலம் வருமுன் புதிய இலைகள் முற்றி மரத்துக்கு உணவு சேர்த்தல் வேண்டும். ஆதலால் கோடை தொடங்கும்போதே, ஆண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்கின்றனர்.

“எங்கள் நாட்டிற் பனிக்காலம் இல்லையே, எம்மாதத்திலும் செய்யலாமன்றோ?” என்று வினவினோம். வழிகாட்டி மொழிபெயர்க்க, முதியவர் நகைத்தார்: “உங்கள் மரம் உறங்கும் மாதம் ஒன்றுமே இல்லையா?”

எமக்குச் சுருக்கென்றது. முந்திய மார்கழி விடுமுறையில், ஓய்வு கிடைத்ததே என்று, பத்தாண்டு வளர்த்த ஆலின் இலையெல்லாம் களைந்திருந்தோம். எம் அன்னையார் கிணற்றுக்கட்டிற் பிடுங்கித் தந்த கன்று அது. வாடை வீசியது, மழை ஓயவில்லை. நீரை ஆவியாக்க இலையில்லாத மரத்தின் வேர் ஈரத்திற் கிடந்து அழுகிற்று. தை பிறக்குமுன் மரம் பட்டுப்போயிற்று.

வெப்பநாட்டிலும் பருவம் உண்டு. வீதியோரத்து அரசமரம் பழுத்த இலை உதிர்த்துச் செந்தளிர் விடும் காலமே ஆலுக்கும் இத்திக்கும் ஏற்ற காலமென அறிக. வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் இலை களைந்தால் மூன்று நான்கு வாரத்திற் புதுத்தளிர் நிறையும். வலிய மரமாயின் ஆடியில் மீண்டும் ஒருமுறை பொறுக்கும். ஆவணிக்குப் பின் வேண்டா. மாரிக்கு முன் இலை முற்றுதல் வேண்டும். நோயுற்ற மரத்தையும், அண்மையில் மண்மாற்றிய மரத்தையும் தொடலாகாது. முன்கூட்டியே பசளையிட்டு வலுப்படுத்துக. களைந்தபின் மேல்மண் உலரத் தொடங்கும்வரை நீர் வாராது, நல்ல வெயிலில் வைத்தால் இலை சிறுக்கும்.

ஊர் திரும்பியதும் அதே கிணற்றுக்கட்டிலிருந்து வேறொரு ஆலங்கன்றை எடுத்து நட்டோம். அது மிக இளையது. இன்னும் பல ஆண்டுகளுக்கு அதன் இலையில் யாம் கைவைப்பதாயில்லை.