உறைந்த தேறல்

தெளிந்த மதுவைச் சங்கப் புலவர் 'தேறல்' என்றனர். நெல்லையில் நண்பர் ஒருவரின் குளிர்சாதனப் பெட்டியில் அத்தேறல் பனிக்கூழாய்க் கிடக்கக் கண்டோம். நம் நாட்டு ரம், பிராந்தி பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. அவை உறையச் சுழியத்துக்குக் கீழே 25 பாகையும் போதாது. வீட்டு உறைபெட்டியோ 18 பாகை அளவில் நின்றுவிடும். உறைந்ததெனில் நீர் மிகுந்துவிட்டது என்றே பொருள். மூடி தளர்ந்து ஆல்கஹால் ஆவியாகியிருக்கலாம், அன்றி, எவரேனும் தாமிரபரணியைக் கலந்திருக்கலாம் (புண்ணிய தீர்த்தம்தான், ஆயினும்!). பனியாவது நீர் மட்டுமே. ஆல்கஹால் அதனிடையே நீர்மமாய்த் தங்கும்.

உறையாத மது நல்லதென்று நண்பர் முடிவுகட்டினார். அதை நாம் ஏற்கவில்லை. மெத்தனாலும் உறைநிலையைத் தாழ்த்தும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது அதுவே. அதுவும் தேறல்போல் தெளிந்தே இருக்கும்.