அச்சின் சுவர்கள்

அடிபட்டால் உரம் ஏறும் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லும் சமாதானம். உலோகவியல் படிக்கப் போன பிறகு அது பாதி உண்மை என்று தெரிந்தது. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம்.

சுத்த அலுமினியம் மெத்தென்ற உலோகம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத படிக மணிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. உலோகம் வளையும்போது அந்த மணிகளுக்குள் 'பிறழ்வுகள்' என்ற வரிசைக் குறைகள் நகர்கின்றன. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக் கூட்டத்தில் மாட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். திறந்த வீதியில் ஒரு தள்ளு கிளம்பினால் தெருக்கோடி வரை போகும். அங்கங்கே பேரிகேட் வைத்தால் அங்கங்கே நின்றுவிடும். மணியின் எல்லைதான் பேரிகேட். மணி சிறுத்தால் எல்லைகள் கூடும், உலோகம் வலுக்கும். 1951-இல் ஹாலும் 1953-இல் பெட்சும் எஃகை வைத்துச் சொன்ன கணக்கு இது.

சரி, மணியை எப்படிச் சிறிதாக்குவது? அடித்துத்தான். ஆனால் சும்மா அடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விரிசல் விட்டுவிடும். பாத்திரத்தில் டொக்கு எடுப்பவரைக் கேட்டாலே சொல்வார். 1970-களில் சோவியத் யூனியனில் விளாதிமிர் செகல் ஒரு வழி கண்டார். ஒரே அளவுள்ள இரண்டு துளைகள் 'ட' மாதிரி மடங்கிச் சந்திக்கும் அச்சு. அதற்குள் உலோகக் கட்டையைத் தள்ளினால் முனை திரும்பும்போது உள்ளுக்குள் கசங்கிப் போகும். பருமன் மட்டும் மாறாது. அதனால் எடுத்துத் திருப்பி மறுபடியும் தள்ளலாம். நாலு முறை, எட்டு முறை. பல பத்து மைக்ரான் இருந்த மணி ஒரு மைக்ரானுக்கும் கீழே வந்துவிடும். ரூர்க்கி ஐஐடியில் ஆர். ஜெயகாந்தனின் குழு (எழுத்தாளர் அல்ல, உலோகவியலாளர்) அலுமினியக் கலவைகளை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தி, மணிகளை நுணுக்கியது.

செகலின் அச்சில் இவ்வளவு கசங்கியும் கட்டை ஏன் உடைவதில்லை? அச்சின் சுவர்கள் சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்த அழுத்தம் விரிசலை வாய் திறக்க விடுவதில்லை.

நான் பதினொன்றாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டார். "அந்த அடிதான் உன்னை ஆளாக்குச்சு" என்று இப்போது சொல்கிறார்கள். ஃபீஸ் கட்டிய சித்தி, விடிய விடிய அம்மாவோடு கடையில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, அரிசியைக் கடனாகக் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி, இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

தம்பி இந்த வருடம் ப்ளஸ் டூவில் ஃபெயில். "திருப்பூருக்கு அனுப்பிவிடு, நாலு அடி பட்டாதான் புத்தி வரும்" என்றார் மாமா.

"அங்க அவனுக்கு யாரு மாமா இருக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று. ராத்திரியில் நானும் தம்பியும் கணக்குப் போடுகிறோம். நடுவில் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.