நீர் வந்த வழியே

சோழவந்தான் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு வெற்றிலை நினைவுக்கு வரும். தமிழ் கற்றோருக்கு அரசஞ்சண்முகனார் நினைவுக்கு வருவார். அவ்வூரிலேயே வாழும் எங்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் வெற்றிலைக்கும், வைகையின் இரு கரைகளிலும் விரிந்து கிடக்கும் வயல்களுக்கும் அதுவே உயிர். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையன்று. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மலைக்கு அப்பால் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டதனால் வந்தது.

அவ்வரலாறு பலரும் அறிந்ததே. 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம். அடுத்த ஆண்டிலேயே பணித் தொடக்கம். பொறியாளர் பென்னிகுவிக்கின் தலைமையில் காட்டு வெள்ளத்தோடும் மலைக்காய்ச்சலோடும் போராட்டம். 1895 அக்டோபரில் திறப்பு விழா. தேக்கிய நீர் சுரங்கவழியே இறங்கி, சுருளியாற்றில் கலந்து, வைகையை அடைகிறது. 1959 முதல் வைகை அணையில் சற்றுத் தங்கிப் புறப்படும் அது, எங்களூருக்கு மேற்கேயுள்ள பேரணையில் கால்வாயாகப் பிரிகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் விளையும் நிலம் மட்டும் 45,000 ஏக்கருக்கு மேல்.

என் தந்தையார் எண்பதைக் கடந்தவர். காலையில் செய்தித்தாள் வந்ததும் அவர் முதலில் தேடுவது அரசியல் செய்தியை அன்று. பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி என்னும் அந்தச் சிறிய கட்டத்தைத்தான். அறுபது ஆண்டுகளாக அந்த நீரை வயலில் பாய்ச்சியவர், அது தேங்கி நிற்கும் இடத்தை ஒருநாளும் கண்டவரல்லர். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நன்செயும் அரை ஏக்கர் கொடிக்காலும் உண்டு. சுற்றிலும் வயல்கள் வீட்டுமனைகளாகி, வண்ணக் கற்கள் நடப்பட்டுவிட்டன. எங்கள் நிலத்தையும் விற்றுவிடலாம் என்பது என் தம்பியின் கருத்து. அவன் சொல்லும் கணக்கில் பிழை காண்பது எனக்கும் எளிதாக இல்லை. தந்தையார் மறுப்பேதும் சொல்லவில்லை. “கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்” என்று மட்டும் சொன்னார். என் மக்கள் இருவருக்குமோ புலியைப் பார்க்க வேண்டும். மூங்கில் தெப்பத்தில் போக வேண்டும். இரண்டு தரப்பாருக்கும் பொருந்திய இடம் தேக்கடியாக அமைந்தது. சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு புறப்பட்டோம்.

வத்தலகுண்டு, தேனி, கம்பம் வழியாகச் செல்லும் அந்தப் பயணத்தை நான் விரித்துரைக்கப் போவதில்லை. கூடலூரைத் தாண்டி மலையேறியதும் காற்று மாறியது என்பது போதும்.

தேக்கடியில் உள்ள பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. திருவிதாங்கூர் மன்னராட்சியில் 1934இல் வேட்டைக்கெனக் காக்கப்பட்ட காடாகத் தொடங்கி, 1950இல் சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. நடுவே 26 சதுரக் கிலோமீட்டர் அளவில் கிடக்கும் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. எங்கள் வயல்களுக்காகத் தேக்கப்பட்ட நீரே அந்த ஏரி! அன்று மூழ்கிய காட்டு மரங்களின் மொட்டைக் கட்டைகள் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின்மீது நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன.

காலை முதற்படகில் ஏறினோம். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நாடறியும். உயிர்காப்பு மேலங்கியை அணியாமல் யாரும் அமர முடியாது. தந்தையார் வேட்டிக்கும் துண்டுக்கும் மேலே அந்தச் செம்மஞ்சள் அங்கியை அணிந்து அமர்ந்த கோலத்தைப் பார்த்து என் மகள் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

“நல்ல சமயத்தில் வந்திருக்கிறீர்கள், ஐயா. தண்ணீர் வற்றியிருக்கிறது. கரையெல்லாம் புல் முளைத்துவிட்டது. யானை கட்டாயம் வரும்” என்றார் படகுப் பணியாளர்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. முதல் திருப்பத்தில் மிளாக்கள். அடுத்ததில் காட்டுப்பன்றிக் கூட்டம். பின்பு ஒரு சரிவில் குட்டியோடு ஏழு யானைகள். படகே ஒருபுறமாக எழுந்து நின்றது. பணியாளர் அதட்டி அமரச் செய்தார். எல்லாரும் யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தந்தையார் மட்டும் அவற்றுக்கு மேலே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் நின்று இறங்கிய தடம் செம்மண் கோடாக நெடுகிலும் தெரிந்தது. “அங்கிருந்து இங்கே இறங்கியிருக்கிறது” என்று விரலால் காட்டினார். 104 அடிக்குக் கீழே போனால் நம் பக்கம் நீர் வராது என்பதை அவர் என் மகனுக்கு விளக்கத் தொடங்கினார். மகனோ யானைக்குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. யானை பார்க்க வந்தவர்களுக்கு நல்ல ஆண்டு எதுவோ, அதுவே நடவை எதிர்பார்த்திருப்பவர்களுக்குக் கெட்ட ஆண்டு. இந்த அணையின் நீர்மட்டம் 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, உச்சநீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் 142 அடிக்கு உயர்ந்தது. மட்டம் உயர்ந்தால் விலங்குகள் மேயும் கரைநிலம் மூழ்கும் என்ற வாதமும் வழக்கில் எழுந்ததுண்டு. செய்தித்தாளில் படித்தபோது அது வெறும் வழக்குரை என்றே எனக்குத் தோன்றியிருந்தது. அந்தக் குட்டி தாயின் கால்களுக்கிடையே நின்று பிடுங்கிய புல் எந்த மட்டத்தில் முளைத்தது என்பதைக் கண்ணால் கண்டபோது வாதத்தின் இரு பக்கங்களும் ஒரே கரையில் நின்றன. எங்கள் பக்கத்து நியாயம் அதனால் குறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 45,000 ஏக்கரும் பொய்யன்று. அந்தப் புல்லும் பொய்யன்று.

மறுநாள் மக்கள் இருவரோடும் மூங்கில் தெப்பத்தில் சென்றேன். முதலில் காட்டில் நடை. அட்டைகள் ஏறாதிருக்க முழங்கால் வரை துணியுறை கட்டிவிடுகிறார்கள். எங்களோடு வந்த வழிகாட்டிகள் சருகு மிதிபடும் ஓசைகூட எழாமல் நடந்தார்கள். அவர்களுள் மூத்தவர் நல்ல தமிழ் பேசினார். இளமையில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்து விற்றவராம், வழக்குகளும் இருந்தனவாம். 1990களின் பிற்பகுதியில் அத்தகையோரை அழைத்துக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கும் திட்டத்தை வனத்துறை கொண்டுவந்தது. மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் இப்பணியில் இருக்கிறார்கள். “எந்த மரத்தை எப்படி வெட்டுவான், எந்த வழியில் தப்புவான் என்பது எங்களுக்குத்தானே தெரியும்?” என்று அந்த மூத்தவர் சொன்னபோது என் மகன் அவரையே ஒரு வீரரைப் போலப் பார்த்தான். வகுப்பறையில் எத்தனை சொன்னாலும் வராத மரியாதை அது.

தெப்பம் நீரில் மெல்ல வழுக்கிச் சென்றது. பேசக் கூடாது என்பது கட்டளை. கருமந்திகளின் குரல் எங்கிருந்தோ வந்தது. ஒரு வளைவில் நான்கு நீர்நாய்கள் மீனைக் கவ்விக் கரையேறின. தமிழ்த்துறையில் பணியாற்றுவோருக்கு வாய்த்த நோய் ஒன்றுண்டு. எதைக் கண்டாலும் திணை வகுப்போம். நீர்நாயை இலக்கண நூலார் மருதத்தின் விலங்காகவே வகுத்தார்கள். குறிஞ்சியின் உச்சியில் அதற்கு என்ன வேலை? ஆனால் ஏரி வந்தபின் அவற்றுக்கு இங்கே மீனுக்குக் குறைவில்லை. வயலுக்காகத் தேக்கிய நீர் மலைமேலேயே ஒரு மருதத்தை உண்டாக்கிவிட்டது என்று மக்களுக்குச் சொன்னேன். “அப்பா, பேசக் கூடாது” என்றாள் மகள்.

புலியைக் காணவில்லை. சேற்றில் பதிந்திருந்த அதன் அடிச்சுவடு ஒன்றை வழிகாட்டி காட்டினார். மகள் தன் கையை அதனருகே வைத்து அளந்து பார்த்தாள். கை சிறியதாக இருந்தது.

தந்தையாருக்கு ஒரு குறை. சுற்றுலாப் படகு அணை வரை செல்வதில்லை. பொதுமக்களுக்கு அங்கே அனுமதியுமில்லை. ஆகவே திரும்பும் வழியில் லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களை அண்ணாந்து பார்த்தார். 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபத்தில் அச்சிலையை நெடுநேரம் நோக்கினார். பின் நீரோடும் கரைக்கு இறங்கி முகம் கழுவினார். மடியிலிருந்த எங்கள் கொடிக்கால் வெற்றிலையில் இரண்டை அங்கு நின்ற முதியவர் ஒருவரிடம் நீட்டினார். இருவரும் மென்றுகொண்டே இவ்வாண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

“இந்தத் தண்ணீர் நம் வயலுக்கு வர எத்தனை நாளாகும், தாத்தா?” என்று மகன் கேட்டான்.

“வைகை அணையில் போய் உட்காரும். திறந்துவிட்டால்தான் வரும். அதுவரை நாம்தான் காத்திருக்க வேண்டும்.”

வண்டி உத்தமபாளையத்தைக் கடந்தபோது, இந்தப் போகம் நடவு நடட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தந்தையார் சொன்னார். அன்றிரவு தம்பியிடம் தொலைபேசியில் அதைத் தெரிவித்தேன். அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, பெரியாறு இப்போது எத்தனை அடி இருக்கிறது என்று கேட்டான்.